மாற்றுரைத்தவர் யார்?

சென்ற தை மாதத்தில், எங்கள் பக்கத்து வயல்களில் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த நாளொன்றில், முன்னர் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். பள்ளி நாளில் வரலாற்றுப் பாடத்தில் அவருக்கு நாட்டம் குறைவு. படங்கள் சேர்ப்பதில் நாட்டம் மிகுதி. தீப்பெட்டிப் படங்கள், பபிள்கத்தோடு வந்த கிரிக்கெட் வீரர் அட்டைகள் எனப் புத்தகங்களுக்கு நடுவே ஒளித்து வைத்திருப்பார். நானே ஒருமுறை அவற்றைப் பறித்து வைத்து, ஆண்டிறுதியில் திருப்பிக் கொடுத்ததுண்டு. அந்த அட்டைகளுள் ஒன்றைத்தான் பஞ்சு வைத்த சிறு பெட்டியில் இப்பொழுது கொண்டுவந்திருந்தார்.

வெளிநாட்டில் இதற்கு வாங்குவோர் உண்டென்றும், ஆனால் வெறும் அட்டையாகக் கொடுத்தால் சொற்பம்தான் கிடைக்கும் என்றும் அவர் சொன்னார். அமெரிக்காவில் தர நிர்ணய நிலையங்கள் சில இருக்கின்றனவாம். அட்டையை அங்கே அனுப்பினால், மூலைகள் மழுங்கியுள்ளனவா, ஓரம் தேய்ந்துள்ளதா, மேற்பரப்பில் கீறல் உண்டா, படம் நடுவில் அமைந்துள்ளதா என்று சோதித்து, 1 முதல் 10 வரை ஓர் எண்ணை அளித்து, கெட்டியான ஒளிபுகும் உறைக்குள் வைத்து முத்திரையிட்டு அனுப்புவார்களாம். எட்டுக்கு ஒரு விலை. பத்துக்கு அதனைப் போலப் பன்மடங்கு. வேளாண்மைச் செலவுக்காக அவருடைய தாயாரின் வளையல்கள் இரண்டு அடகில் இருக்கின்றன. அட்டையை விற்று அவற்றை மீட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இதற்கு முன் ஒருமுறை, முத்திரையிட்ட உறைக்குள் இருந்த அட்டையொன்றைப் பிறரிடம் வாங்கி ஏமாந்தும் இருக்கிறார். உறையின் மீதிருந்த எண்ணைச் சரிபார்த்தபோது அது வேறோர் அட்டைக்கு உரிய எண்ணாக இருந்ததாம்.

“ஐயா, எந்த நிலையத்தை நம்பி அனுப்புவது?” என்று கேட்டார்.

“தம்பி, அட்டையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நீ கேட்கும் கேள்வி இந்தச் சோழ நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்ட கேள்வி. விடையும் கல்லில் இருக்கிறது” என்றேன். அன்று அவருக்குச் சொன்னதையே இங்கே சற்று விரித்துச் சொல்ல விழைகின்றேன்.

பத்து என்பதை உச்சமாகக் கொண்டு ஒரு பொருளின் தரத்தைச் சொல்வது நமக்குப் புதிதன்று. ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று இன்றும் வீட்டுப் பெண்கள் சொல்கிறார்கள். அமெரிக்கர்கள் பத்தோடு நின்றுவிட்டார்கள். நம் முன்னோர் அரை மாற்றுக் கூடவே வைத்தனர். இந்த மாற்றை அறிவதற்குரிய கருவி உரைகல். கறுத்த, வழவழப்பான கல் அது. பொன்னை அதன்மேல் இழைத்தால் மெல்லிய கோடு ஒன்று விழும். மாற்று இன்னதென்று முன்பே தெரிந்த ஆணிகளாலும் அதன் பக்கத்தில் கோடுகள் இழைத்து, நிறத்தோடு நிறத்தை ஒப்புநோக்கி, இப்பொன் இத்தனை மாற்று என்று சொல்வர். கல்லும் ஆணியும் யாரிடத்தும் இருக்கலாம். ஆனால் கோட்டின் நிறத்தைக் கண்டு சொல்வது ஒரு மனிதனின் கண். ஆகையால் எந்தக் காலத்திலும் கல்லை ஐயுற்றவர் சிலர். கல்லைப் பிடித்த கையை ஐயுற்றவர் பலர்.

அந்தக் கைக்குரியவர்க்குச் சங்க காலத்தில் வண்ணக்கர் என்று பெயர். பொன்னையும் காசையும் நோட்டம் பார்ப்பவர் வண்ணக்கர். சங்கப் புலவர் வரிசையிலேயே வடம வண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் முதலியோரைக் காண்கிறோம். காசு பார்க்கும் கண் கவியும் பார்த்தது என்பது மகிழ்வூட்டும் செய்தி. அவர்களுக்கு வேலை மிகுதியாக இருந்திருக்க வேண்டும். காவிரிப்பூம்பட்டினம் முதலிய துறைமுகங்களில் யவன வாணிகம் நடந்த காலம் அது. உரோமானியப் பொற்காசுகள் தமிழகத்தில் பல இடங்களில் புதையல்களாகக் கிடைத்துள்ளன. 1898 ஆம் ஆண்டு, நம் தஞ்சைக்கு அண்டையிலுள்ள புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த ஒரு புதையலில் 501 பொற்காசுகள் இருந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில், பேரரசனின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய வடு ஒன்று காணப்படுகிறது. தேய்ந்து எடை குறைந்த காசுகளைச் செலாவணியிலிருந்து நீக்குவதற்காக இட்ட வெட்டு என்பது அறிஞர் சிலர் கருத்து. அவ்வாறாயின், உறையிலிட்டு எண் கொடுப்பதற்கு நேர்மாறான தரமிடல் இது எனலாம். தேறாததை வெட்டி விடுவது!

‘நாணயம்’ என்னும் ஒரே சொல் நம் மொழியில் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. வேற்றுமொழி மாணவர்களுக்கு இதனை விளக்கும்போதெல்லாம் எனக்குச் சற்றுப் பெருமிதம் தோன்றுவதுண்டு.

இனித் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருவோம். முதலாம் இராசராசன் தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் 275 ஆம் நாளில், அதாவது 1010 ஆம் ஆண்டில், ஸ்ரீவிமானத்தின் உச்சியில் வைப்பதற்குச் செப்புக் குடம் கொடுத்தான். அக்குடம் 3083 பலம் எடையுள்ளது. அதன்மேல் போர்த்த பொற்றகடு 2926½ கழஞ்சு. இவ்வளவு பெரிய கொடையில் அந்த அரைக் கழஞ்சையும் விடாமல் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். கழஞ்சு என்பது இருபது மஞ்சாடி; மஞ்சாடி என்பது இரண்டு குன்றி. அந்தக் குன்றிமணி அளவு வரை கணக்கு வைத்த அரசு அது.

அடுத்த ஆட்சியாண்டின் இருபதாம் நாளில், தஞ்சாவூர் அரண்மனையின் கீழைப்புறத்துத் திருமஞ்சனசாலையில் இருந்தபோது, தான் கொடுத்தவையும், தமக்கையார் குந்தவையார் கொடுத்தவையும், தேவியர் கொடுத்தவையும், மற்றவர்கள் கொடுத்தவையும் கல்லில் வெட்டப்பட வேண்டும் என்று மன்னன் ஆணையிட்டான். அவ்வாணையின் பயனாகவே கோயிலின் சுவர் நெடுக இன்று நாம் படிக்கும் கொடைப் பட்டியல்கள் எழுந்தன. கோயிலுக்குச் செல்வோரில் பெரும்பாலோர் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். கழுத்தைச் சற்றுத் தாழ்த்தி, கண்ணுக்கு நேரே உள்ள எழுத்துகளைப் பார்ப்பவர் குறைவு. நான் மாணவர்களை அழைத்துச் சென்ற காலங்களில், ஒருவரியாவது எழுத்துக் கூட்டிப் படித்த பிறகுதான் பிரசாதம் என்று விதி வைத்திருந்தேன்.

அந்தப் பட்டியல்களில், பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய கல்லால் நிறுத்ததாகவும், மணி பதித்த நகைகளை ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல்லால் நிறுத்ததாகவும் குறிப்பு வருகிறது. எடைக்கல்லுக்கும் இறைவன் பெயர்! நெல் அளக்கும் மரக்காலுக்கும் ‘ஆடவல்லான்’ என்றே பெயர். அஃது இராசகேசரி மரக்காலோடு ஒப்பானது என்றும் எழுதியிருக்கிறார்கள். நிறுத்தோம் என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கல்லால் நிறுத்தோம், அந்த அளவு எந்த அளவோடு ஒக்கும் என்று சொல்லிவிட்டபடியால், பின்னால் வருபவன் அதே கல்லை எடுத்து மறுபடியும் நிறுத்துப் பார்க்க இடம் இருந்தது. பொன்னின் தரத்தையும் அவ்வாறே ‘தண்டவாணி’ என்னும் ஒரு தரத்தை நிலைக்களமாகக் கொண்டு, அதனைவிட இத்தனை கூடுதல், இத்தனை குறைவு என்று பதிந்திருக்கிறார்கள். அரசன் வீட்டார் கொடுத்த பொன்னாயிற்றே, மாற்றுக் குறைவு என்று எப்படி எழுதுவது எனக் கல்தச்சனும் கணக்கனும் தயங்கியதாகத் தெரியவில்லை. குறைந்தால் குறைந்தது என்றே வெட்டினார்கள்.

மணிகளின் பட்டியல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. முத்தில் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என்று வகைகள். நீரோட்டத்தால் குளிர்ந்த நீருடையது, சிவந்த நீருடையது என்று மேலும் பாகுபாடு. மாணிக்கத்தில் கோமளம், சட்டம், நீலகந்தி, ஹளஹளம். இப்பெயர்களிற் சிலவற்றை, 1891 இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியை வெளியிடத் தொடங்கிய ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஷ், பொருள் பெயர்க்காமல் அப்படியே விட்டு வைத்தார். முத்துச் சலாபத்தார்க்கும் மணிகாரர்க்கும் மட்டுமே தெரிந்த தொழிற்சொற்கள் அவை.

வயிரத்துக்கு வந்தால் குற்றங்களே பட்டியலாகின்றன. பொறிவு, முறிவு, இரத்தபிந்து, காகபிந்து, வெந்தது. புள்ளியுள்ளது, விரிசலுள்ளது, செந்நிறத் துளியுள்ளது, காக்கை நிறத் துளியுள்ளது, நெருப்பிற் பட்டாற்போன்ற வடுவுள்ளது. இவை யாருக்குக் கொடுத்த வயிரங்கள்? இறைவனுக்கு. கொடுத்தவன் யார்? ஈழம் வரை வென்ற பேரரசன். ஆயினும் ‘மாசற்ற வயிரம்’ என்று ஒற்றைச் சொல்லால் புகழ்ந்து முடிக்காமல், காகபிந்து உள்ளதும் இதில் அடக்கம் என்று எழுதினார்கள். நகையை நிறுக்கும்போது, கோத்த சரடும், செப்பாணியும், உள்ளே நிரப்பிய அரக்கும் நீக்கிய எடை என்று சில இடங்களில் தனியே சொல்லியிருக்கிறார்கள். அரக்கின் எடையையும் பொன்னோடு சேர்த்து விற்கும் வித்தை அக்காலத்திலும் இருந்திருக்கும்போலும். இல்லாவிட்டால் இப்படி எழுத வேண்டிய தேவை என்ன?

இப்பொருள்களைக் காக்கும் பண்டாரிகளையும் கணக்கர்களையும் சோழ நாட்டு ஊர்கள் அனுப்பி வைக்க வேண்டும் என்றும் ஓர் ஆணை அக்கோயிலிலேயே உண்டு. பண்டாரியாக வருபவர் நிலமோ, சுற்றமோ, பொருளோ உடையவராக இருத்தல் வேண்டும். நல்லவராக இருந்தால் போதாதா என்று நம் காலத்தவர் கேட்கலாம். இழப்பதற்கு ஏதேனும் உடையவனிடமே பிறர் பொருளை ஒப்படைக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. குறை நேர்ந்தால் ஈடு செய்ய நிலம் இருக்கும். ஓடிப்போனால் கேட்பதற்குச் சுற்றம் இருக்கும்.

தஞ்சைக் கோயில் அரசனின் கோயில். அங்கே ஆணையிட அரசன் இருந்தான். ஆனால் ஓர் ஊரில் வாழும் பொதுமக்கள், தங்கள் கையிலுள்ள சிறு பொன்னுக்கு மாற்று அறிய விரும்பினால் யாரிடம் போவது? மாணவர் கேட்ட கேள்வி சரியாக இதுதான். இதற்கு விடை தஞ்சையில் இல்லை. தொண்டை நாட்டு உத்தரமேரூரில் இருக்கிறது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919 இலும் 921 இலும், அவ்வூர்ச் சபை குடவோலையால் வாரியங்களைத் தேர்ந்தெடுக்க வகுத்த விதிகளை நாம் பள்ளிப் புத்தகங்களில் படித்திருக்கிறோம். அதே சபை, ஊராருக்குப் பொன் நோட்டம் பார்ப்பவர்களைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு ஏற்பாடு செய்தது. குடவோலையின் புகழில் இந்தக் கல்வெட்டு சற்று மறைந்து போய்விட்டது. என் எண்ணத்தில் இது அதற்குச் சற்றும் தாழ்ந்ததன்று.

அந்த ஏற்பாட்டின்படி, பொன் பார்ப்பவர் ஊருக்கு வரி செலுத்துபவராகவும், பொன்னின் மாற்றை அறியும் திறம் உடையவராகவும் இருத்தல் வேண்டும். அவர்களை ஒரே தெருவிலிருந்து எடுக்கக் கூடாது. மாடவீதியாரிலிருந்து சிலர், சேனையாரிலிருந்து சிலர், சங்கரப்பாடியார் என்னும் எண்ணெய் வணிகரிலிருந்து சிலர் எனப் பல பகுதியினரும் கலந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவாகப் பொன் பார்க்க வேண்டும். கல்லில் பொன்னை வேண்டுமென்றே மிகுதியாக இழைத்தல் கூடாது. கல்லில் படிந்த பொற்றுகளை ஒற்றியெடுக்கும் மெழுகை ஏரி வாரியத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

இந்த மெழுகு விதியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பொன்னைச் சோதிப்பதென்றாலே பொன்னில் சிறிது தேய்கிறது. ஒருவர் பொன்னில் தேய்வது கண்ணுக்குத் தெரியாது. ஊரார் எல்லோருடைய பொன்னிலும் தேய்வதை மெழுகால் ஒற்றிச் சேர்த்தால், அதை உருக்கிப் பெறும் பொன் சொற்பமன்று. அந்தப் பொன் சோதிப்பவனுக்கே உரியதென்றால், அவன் கை அழுந்தும். ஒரு கோட்டுக்கு மூன்று கோடு இழைப்பான். சபையார் அவனுடைய மனச்சான்றுக்கு உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை. மெழுகை ஏரிக்குக் கொடுத்துவிட்டார்கள். தேய்ந்த பொன் ஊரின் ஏரியைத் தூர் எடுக்கப் போயிற்று. அழுத்தி இழைப்பதால் அவனுக்கு ஆவது ஒன்றும் இல்லை என்றானபின், அவன் ஏன் அழுத்தப் போகிறான்?

பிற்காலத்தில் இந்த விதி மறந்து போனதன் விளைவையும் நம் தஞ்சை கண்டது. நாயக்கர், மராட்டியர் காலங்களில் வராகன், பணம், சக்கரம் எனப் பலவகைக் காசுகள் இங்கே புழங்கின. தரங்கம்பாடியில் டேனியர், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர் எனக் கடற்கரை முழுவதும் வேற்று நாட்டார் காசுகளும் வந்து சேர்ந்தன. எந்தக் காசு எந்தக் காசுக்கு எத்தனை என்பதைச் சராப்புக் கடைக்காரரே சொல்வார். நோட்டம் பார்ப்பவரும் அவரே. காசை மாற்றிக் கொடுப்பவரும் அவரே. தேய்ந்த காசு என்று அவர் சொன்னால் ‘வட்டம்’ என்று ஒரு தள்ளுபடி பிடிப்பார். அந்த வட்டம் அவர் பெட்டிக்கே போகும். நெல் விற்றுக் காசு கொண்டுவந்த குடியானவன் என்ன செய்வான்? கல்லைப் பிடித்த கையே பணப்பையையும் பிடித்திருந்தது. சராப்புகளில் நேர்மையாளர் பலர் இருந்திருப்பர். இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் நேர்மை அவருடைய கொடையாக இருந்ததேயன்றி, உத்தரமேரூரில் போல ஏற்பாடாக இல்லை. 1818 இல் சென்னை மாகாணத்தில் வராகனுக்குப் பதிலாக வெள்ளி ரூபாய் நிலைப்பட்டு, 1835 இல் கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்த பிறகே இந்தத் தொல்லை படிப்படியாகத் தணிந்தது.

இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் அமெரிக்காவில் நடக்கிறது. அங்கே பழங்காசு சேர்ப்போர், காசின் தேய்மானத்தைச் சொல்ல நெடுங்காலம் ‘நன்று’, ‘மிக நன்று’ என்னும் சொற்களையே வழங்கி வந்தனர். விற்பவனுக்கு மிக நன்று. வாங்குபவனுக்கு வெறும் நன்று. 1949 இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய செம்புக் காசுகளைப் பற்றி எழுதிய நூலில் 1 முதல் 70 வரை ஓர் எண்ணளவை வகுத்தார். 70 என்பது ஏன்? அன்றைய சந்தையில், மிகத் தேய்ந்த காசைப் போல எழுபது மடங்கு விலை மாசற்ற காசுக்கு உண்டு என்று அவர் கணித்தார், அவ்வளவே. சந்தை மாறியும் அந்த எண் மாறவில்லை. 1986, 1987 ஆம் ஆண்டுகளில், காசை விற்பவரும் அல்லாமல் வாங்குபவரும் அல்லாமல் மூன்றாமவராக நின்று தரம் சொல்லி, உறையிலிட்டு முத்திரையிடும் நிலையங்கள் அங்கே தொழில் தொடங்கின. அந்த முறையே 1991 இல் விளையாட்டு வீரர் அட்டைகளுக்கும் வந்தது. அவ்வாண்டில் தோன்றியதே பி.எஸ்.ஏ. என்னும் நிலையம். பின்னர் எஸ்.ஜி.சி., பெக்கெட் முதலியவை வந்தன.

பி.எஸ்.ஏ. தரமிட்ட முதல் அட்டையின் வரலாறு கேட்கத் தக்கது. ஹோனஸ் வாக்னர் என்னும் பேஸ்பால் வீரரின் படம் பொறித்த அட்டை அது. 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி சிகரெட்டுப் பெட்டிகளில் வைத்து வழங்கிய வரிசையைச் சேர்ந்தது. வாக்னர் தம் படத்தை வெளியிட இசையாததால் சிலவே அச்சாயின. புகையிலையை வெறுத்தார் என்பாரும் உண்டு, பணம் தராததால் மறுத்தார் என்பாரும் உண்டு. அவற்றுள் மிகச் சிறந்த நிலையில் இருந்ததாகக் கருதப்பட்ட ஒன்றை, 1991 இல் பனித்தள ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் வேறொருவரும் சேர்ந்து ஏலத்தில் 4,51,000 டாலருக்கு எடுத்தனர். புதிய நிலையம் அதற்கு 8 என்று எண் கொடுத்தது. பிறகு அதன் விலை ஏறி, 2007 இல் 28 இலட்சம் டாலருக்குக் கைமாறியது. அதன் ஓரங்கள் சற்றே கூர்மையாக இருப்பதைக் கண்டு ஐயுற்றவர்கள் தொடக்கத்திலிருந்தே இருந்தனர். 2013 இல், அந்த அட்டையை முன்னர் வாங்கி விற்றவரும் ஏலக்காரருமான பில் மாஸ்ட்ரோ என்பவர், அதன் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீர்செய்ததாக நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார். ஓரம் வெட்டப்பட்ட அட்டைக்கு எண்ணே கொடுப்பதில்லை என்பது நிலையத்தின் விதி. ஆனால் அதன் முதல் எண்ணே அத்தகைய அட்டையின் மேல் அமர்ந்துவிட்டது.

இதனால் அந்நிலையத்தை நம்பவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. உலகில் மிகுதியான அட்டைகள் அங்கேதான் போகின்றன. அதன் எண்ணுக்கே சந்தையில் விலையும் கூடுதலாகக் கிடைக்கிறது என்று மாணவர் சொன்னார். இராசராசன் கணக்கரிடமும் தவறு நேர்ந்திருக்கலாம். நாம் கேட்க வேண்டியது, தவறு நேர்ந்தால் அதைப் பின்னால் வருபவன் கண்டுபிடிக்க வழி வைத்திருக்கிறார்களா என்பது.

ஆகவே மாணவரோடு உட்கார்ந்து, அவர் கைப்பேசியில் ஒவ்வொரு நிலையத்தின் விதிகளையும் படிக்கச் சொல்லி, கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஆடவல்லான் கல்லைப் போல, எந்த அளவுகோலால் எண் கொடுக்கிறோம் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்களா? பெரிய நிலையங்கள் எழுதியிருக்கின்றன. கொடுத்த சான்றின் எண்ணை யார் வேண்டுமாயினும் சரிபார்க்கலாமா? பார்க்கலாம், கோயிற் சுவரில் வெட்டியதற்கு நிகரான ஏற்பாடு அது. இந்த அட்டை இத்தனை தரத்தில் இத்தனை உள்ளன என்ற தொகையையும் சில நிலையங்கள் வெளியிடுகின்றன. முன்பு மாணவர் ஏமாந்ததற்குக் காரணம், பணம் கொடுத்த பிறகு எண்ணைச் சரிபார்த்ததுதான். கொடுப்பதற்கு முன் பார்த்திருந்தால் அப்பொழுதே வெளிப்பட்டிருக்கும். அவரும் அதை ஒப்புக்கொண்டார்.

குற்றங்களைத் தனித்தனியே சொல்வார்களா என்பது அடுத்த கேள்வி. பி.எஸ்.ஏ. ஓர் எண்ணைத்தான் தருகிறது. பெக்கெட் நிலையத்தில் நடுவமைவு, மூலை, ஓரம், மேற்பரப்பு ஆகிய நான்கிற்கும் தனித்தனி எண் பெறலாம். எனக்கு இரண்டாவதே பிடித்தது என்று சொன்னேன். பொறிவும் முறிவும் காகபிந்துவும் தனித்தனியே எழுதிய ஊர்க்காரன் வேறெப்படிச் சொல்வேன்? விற்பனைக்கு ஒற்றை எண்ணே வசதி என்று அவர் மறுத்தார். அது சந்தை அறிந்தவர் பேச்சு. நான் அதற்கு மேல் வாதிடவில்லை.

தவறு நேர்ந்தால் ஈடு தருவார்களா? தருவதாகப் பி.எஸ்.ஏ. போன்றவை உறுதி கூறுகின்றன. அதற்குரிய வரம்புகளையும் எழுதியிருக்கின்றன. நிலமும் பொருளும் உடைய பண்டாரியை அனுப்புக என்றது இதற்காகத்தான். புதிதாகத் தோன்றி மலிவுக் கட்டணத்தில் எண் தரும் சிறு நிலையங்களிடம் நாளைக்கு ஈடு கேட்க எங்கே போவது? மாணவர் மனத்தில் இருந்த நான்கு நிலையங்களுள் ஒன்று இந்தக் கேள்வியில் விழுந்தது.

மெழுகு எங்கே போகிறது என்ற கேள்விதான் இடறியது. பல நிலையங்களில் அட்டையின் மதிப்புக் கூடக் கூடக் கட்டணமும் கூடுகிறது. எண் உயர்ந்தால் மதிப்பு உயரும். மதிப்பு உயர்ந்தால் கட்டணம் உயரும். விலையுயர்ந்த பொருளுக்குக் காப்பும் கவனமும் கூடுதலாக வேண்டுமென்று அதற்குக் காரணம் சொல்வர், அது பொய்யன்று. ஆயினும் உத்தரமேரூர்ச் சபையார் இதற்கு ஒப்பியிருப்பார்களா என்றால், ஒப்பியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அட்டைச் சந்தையில் ஏரி வாரியம் இல்லை.

நம் நாட்டில் பொன்னுக்கு அத்தகைய ஏற்பாடு ஒருவாறு திரும்பி வந்திருக்கிறது. 2000 ஆம் ஆண்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரையைத் தொடங்கியது. 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் அது கட்டாயமாயிற்று. நகை ஒவ்வொன்றுக்கும் ஆறு எழுத்தெண்கள் கொண்ட தனி அடையாளமும் வந்தது. நகையை விற்பவர் ஒருவர். மாற்றுச் சொல்பவர், அமைவனத்தின் ஏற்புப் பெற்ற வேறொரு நிலையத்தார். ஆயினும் நம் வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய வளையல்களில் அந்த முத்திரை ஏது? அடகு வைக்கப் போகும் இடத்தில் மதிப்பீட்டாளர் இன்றும் கறுத்த உரைகல்லை எடுத்துத்தான் இழைக்கிறார். தாயாரின் வளையல்களை வைத்த அன்று, அந்தக் கோட்டைத் தான் பார்த்துக்கொண்டே நின்றதாக மாணவர் சொன்னார். மாற்று எத்தனை என்று கேட்கத் தோன்றவில்லையாம். சீட்டில் எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். சீட்டை எடுத்துப் பார்த்தோம். எடை இருந்தது, மாற்று இல்லை. மறுநாள் காலையிலேயே போய் எழுதி வாங்கி வருமாறு சொன்னேன், வாங்கி வந்தார்.

அட்டையை அன்று அனுப்பவில்லை. என்னிடமிருந்த பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு, வாசல் வெளிச்சத்தில் அமர்ந்து, அதிலுள்ள குறைகளை ஒரு தாளில் தாமே எழுதத் தொடங்கினார். இடது கீழ் மூலையில் சிறு மழுங்கல்; வலப்புற வெள்ளை ஓரம் இடப்புறத்தைவிடச் சற்று அகலம்; பின்புறத்தில் மெல்லிய மைக்கறை ஒன்று. அந்த மைக்கறையைக் கண்டதும் இருவரும் சிரித்துவிட்டோம். ஆண்டு முழுவதும் அந்த அட்டை என் மேசை இழுப்பறையில், சிவப்பு மைப்புட்டியின் பக்கத்தில் கிடந்தது.